குளிர்காலத்துக்கு ஹேண்ட் கார்டு: அளவெடுப்பதிலிருந்து காற்றுக் கசிவை அடைப்பது வரை

பைக்கின் ஹேண்டில்பாரில் கைக்கு முன்னால் மாட்டும் காப்புதான் ஹேண்ட் கார்டு. அதை வாங்கும்போது பெரும்பாலோர் முதலில் தட்டிப் பார்ப்பது உள்ளே ஓடும் அலுமினியப் பட்டையைத்தான். வண்டி சாய்ந்தால் லீவரையும் விரலையும் காப்பது அந்தப் பட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் குளிரில் விரல் விறைப்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குளிரைத் தடுப்பது பட்டையின் மேல் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகடு. அது எவ்வளவு பெரியது, கையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, எந்தப் பக்கம் காற்றை உள்ளே விடுகிறது என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். மண்சாலை ஓட்டத்துக்குச் செய்த கார்டு இரும்பு மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் தகடு குறுகலாக இருக்கும். மரக்கிளையையும் கல்லையும் தடுக்க அந்த அகலம் போதும். பனிக்காலக் காலையில் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்ட அது போதாது.

காற்றைப் பாதியாக்கினால் போதாது

காற்றும் சேரும்போது குளிர் எத்தனை டிகிரி போல உடம்புக்குத் தெரியும் என்று கணக்கிட, கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர் சூத்திரத்தில் 5 டிகிரி செல்சியஸ், மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று என்று போட்டால் விடை மைனஸ் 3 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். காற்றைப் பாதியாக்கி 40 என்று போட்டால் மைனஸ் 1. 20 என்றால் பிளஸ் 1. 10 என்றால் 3 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. நடந்துபோகிறவரின் மூடாத முகத்துக்காக எழுதிய சூத்திரம் இது, கிளவுஸ் போட்ட கைக்கு எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு பொருந்தும். ஒவ்வொரு முறை காற்றைப் பாதியாக்கும்போதும் கிடைப்பது 2 டிகிரி அளவுக்குத்தான். எனவே 80 கிலோமீட்டர் காற்றை 40 ஆக்கும் சின்ன கார்டு, மாட்டியும் மாட்டாத கதைதான். கார்டுக்குப் பின்னால் காற்று கிட்டத்தட்ட அசையாமல் நின்றால்தான் வித்தியாசம் கையில் தெரியும். அதனால் கார்டின் விலையையும் உறுதியையும் விட, ஓரத்தில் எங்கே காற்று புகுகிறது என்பதைக் கண்டுபிடித்து அடைப்பதில்தான் அதிக வேலை இருக்கிறது.

மழையில் இன்னொரு லாபமும் உண்டு. நனைந்த கிளவுஸின் மேல் காற்று அடித்தால் நீர் ஆவியாகிக் கையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கிளவுஸின் முன்பக்கம் நனையாமல் இருப்பதே பாதி வெற்றி.

எந்த வகை எதற்கு

இருபுறமும் பிடிக்கும் கார்டில் அலுமினியப் பட்டை ஹேண்டில்பாரின் நுனியிலும் உள்பக்கக் கிளாம்பிலும் என இரண்டு இடத்தில் உட்காரும். அசையாது, பெரிய தகட்டைத் தாங்கும், நீட்டிப்பு வைத்தாலும் தாங்கும். குளிருக்கு இதுதான் முதல் தேர்வு, ஒரே நிபந்தனை, மேலே பெரிய தகடு பொருத்தக் கிடைக்க வேண்டும். பார்க்பஸ்டர்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் ஒரே பட்டைக்குச் சிறியது, பெரியது என்று தகடுகளைத் தனித்தனியாகவே விற்கிறார்கள். பட்டையை ஒருமுறை சரியாகப் பொருத்திவிட்டால் பருவத்துக்கு ஏற்பத் தகட்டை மட்டும் மாற்றலாம்.

ஒரே இடத்தில் பிடிக்கும் திறந்த கார்டு இலேசானது, மாட்ட 20 நிமிடம் போதும். ஆனால் காற்று தள்ளும்போது பின்னால் சாயும், சாய்ந்தால் லீவரில் முட்டும். மெதுவாக ஓடும் வண்டிக்குச் சரி.

சில டூரிங் வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே கொடுக்கும் கார்டு லீவர் பிவட் போல்ட்டிலோ மிரர் துளையிலோ பிடிக்கும். வண்டி விழுந்தால் காப்பாற்றாது, ஆனால் அந்த வண்டியின் காற்றோட்டத்துக்கு என்றே வடிவமைத்திருப்பதால் குளிர் தடுப்பதில் பல அலுமினியக் கார்டுகளை விட நன்றாகவே இருக்கும். இதைக் கேலி செய்கிறவர்கள் ஒரு ஜனவரி மாதம் ஓட்டிப் பார்க்கலாம்.

கிளிப்-ஆன், அதாவது முன் ஃபோர்க்கில் தனித்தனியாகத் தாழ்வாகப் பிடிக்கும் ஹேண்டில்பார் உள்ள வண்டிக்கு இருபுறமும் பிடிக்கும் கார்டு வேண்டாம். முழுத் திருப்பத்தில் டேங்கிலோ ஃபேரிங்கிலோ (வண்டியின் முன்பக்க உறை) முட்டும், கட்டைவிரல் நடுவில் மாட்டும். அங்கே சின்ன மடிப்புத் தகடு, இல்லையென்றால் சூடேற்றும் கிரிப். கடைசி வகையான மஃப், அதாவது கை நுழைக்கும் உறை, பற்றிக் கீழே தனியாக.

வாங்குவதற்கு முன் எடுக்க வேண்டிய அளவுகள்

இங்கே எடுத்துக்கொண்டது ஃபேரிங் இல்லாத, குழாய் ஹேண்டில்பார் வண்டி. கேபிள் கிளட்ச், ஹைட்ராலிக் முன் பிரேக். வேறு வண்டியானாலும் எடுக்க வேண்டிய அளவுகள் இவையே. வெர்னியர் அளவுகோல் ஒன்று இருந்தால் வேலை சுலபம்.

முதலில் கிளாம்ப் உட்காரும் இடத்தில் வெளிவிட்டம். சாதாரணக் குழாய் 22 மில்லிமீட்டர். நடுவில் தடித்து நுனியில் மெலியும் பார் என்றால் நடுவில் 28.6, கிரிப் உட்காரும் இடத்தில் 22. இந்த இரண்டு அளவுக்கும் கிளாம்ப் தனித்தனி. 28.6 கிளாம்பை 22 குழாயில் ரப்பர் சுற்றி இறுக்குவது உண்டு, அது சுழலும், வேண்டாம். மெலியும் பாரில் விட்டம் மாறிக்கொண்டே வரும் சரிவுப் பகுதியில் கிளாம்ப் மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பக்கம் மட்டும்தான் பிடிக்கும்.

அடுத்து நுனியின் உள்விட்டம். இரும்புக் குழாய் சுவர் மெல்லியது, உள்ளே சுமார் 17 முதல் 18 மில்லிமீட்டர் இருக்கும். அலுமினியக் குழாய் சுவர் தடித்தது, 13 முதல் 14. குழாய்க்குள் விரிந்து பட்டையின் நுனியைப் பிடிக்கும் பிளக் இரண்டு அளவில் வரும், பெட்டியில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். நுனியில் தயாரிப்பாளரே வெயிட்டுக்காக (அதிர்வைக் குறைக்கும் எடை) மரை வெட்டியிருந்தால் பிளக் தேவையில்லை, அந்த மரைக்குப் பொருந்தும் அடாப்டர் வேண்டும். பெரும்பாலும் எம்6 அல்லது எம்8, அதாவது 6 அல்லது 8 மில்லிமீட்டர் மரை.

மூன்றாவது, பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கும் (லீவரோடு சேர்ந்த பிரேக் ஆயில் சிலிண்டர்) குழாய் வளையத் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள நேர்ப்பகுதி. கிளாம்புக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர் வேண்டும். இந்த இடத்தில்தான் பிரேக் ஹோஸை இணைக்கும் பாஞ்சோ போல்ட்டும் ஆக்சிலரேட்டர் கேபிளும் வந்து நெருக்கும். படத்தில் எல்லா வண்டியிலும் மாட்டலாம் போலத் தெரியும் கார்டு, இந்த 25 மில்லிமீட்டர் இல்லாததால் திரும்பிப் போகிறது.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் அளவு. உங்களிடம் உள்ளதில் மிகத் தடித்த குளிர்கால கிளவுஸைப் போட்டுக்கொண்டு நான்கு விரலையும் லீவரின் முன்னால் நீட்டுங்கள். லீவரின் முன்பக்கத்திலிருந்து கிளவுஸின் முன்நுனி வரை ஸ்கேல் வைத்து அளங்கள். தடித்த கிளவுஸில் 30 மில்லிமீட்டர் வரை போகும். கார்டின் உள்பக்கம் அதற்கும் 15 மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். வெறுங்கையோடு கடையில் மாட்டிப் பார்த்தால் தாராளமாகத் தெரியும் கார்டு, தடித்த கிளவுஸோடு லீவருக்கு விரலைக் கொண்டுபோகும்போது முட்டும். அவசர பிரேக் பிடிக்கும் நேரத்தில் அந்த முட்டல் கால் நொடியைத் தின்றுவிடும்.

தகட்டின் பொருளும் முக்கியம். பாலிப்ரொப்பிலீன் வளையும், விழுந்தால் வளைந்த இடம் வெளுக்கும், ஆனால் சட்டென்று உடையாது. அதிலும் கலப்பில்லாத மலிவு ரகம் உறைநிலைக் குளிரில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், தாக்குதலுக்குத் தாங்கும் ரகம்தான் வேண்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் விறைப்பானது, காற்றில் சாயாது, குளிரில் அடிபட்டால் கீறல் விடும். ஒளி ஊடுருவும் தகடு என்றால் பாலிகார்பனேட்டா அக்ரிலிக்கா என்று கேளுங்கள். அக்ரிலிக் கண்ணாடி போலக் கூர்மையாக உடையும், கைக்கு முன்னால் அதற்கு இடமில்லை.

தள்ளிப் பார்க்கும் சோதனை

மணிக்கு 100 கிலோமீட்டரில் 20 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம் உள்ள தகட்டின் மேல் காற்று தள்ளும் விசை சுமார் ஒன்றரை கிலோ. எதிர்காற்றும் லாரி கிளப்பும் காற்றும் சேர்ந்தால் இன்னும் கூடும். எனவே கார்டை மாட்டியதும், அல்லது கடையில் மாட்டியிருக்கும் மாதிரியில், தகட்டின் நடுவிலும் வெளி ஓரத்திலும் முன்னாலிருந்து பின்னால் 3 கிலோ விசையில் அழுத்திப் பாருங்கள். கை மதிப்பு போதாது என்றால் சாமான் எடை பார்க்கும் சுருள் தராசைக் கயிற்றில் கட்டிப் பின்னோக்கி இழுக்கலாம். தகடு லீவரைத் தொட்டால் அந்தக் கார்டு வேண்டாம். முன் பிரேக் லீவரைக் காற்று மெல்ல அழுத்தினால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பேட் டிஸ்க்கோடு உரசும், டிஸ்க் சூடேறும். ஓட்டுகிறவருக்கு வண்டி கொஞ்சம் இழுக்கவில்லை என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. கிளட்ச் பக்கம் இதே நடந்தால் உயர் வேகத்தில் கிளட்ச் வழுக்கும், குற்றம் பிளேட் மேல் விழும்.

மாட்டும் வேலை

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மற்றது பார்த்துச் செய்ய மாதிரியாக அப்படியே இருக்கட்டும். கேபிள், ஹோஸ் போகும் பாதையைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நுனி வெயிட்டின் ஸ்குரூ பெரும்பாலும் கம்பெனியில் பசை போட்டு இறுக்கியது. ஜப்பானிய வண்டி என்றால் அதன் பிளஸ் தலை ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரநிலை) ரகம், சாதாரண பிளஸ் டிரைவர் பொருந்தாமல் தலையைத் தேய்த்துவிடும். ஜேஐஎஸ் பிட் போட்டு, ஹீட் கன்னால் ஒன்றிரண்டு நிமிடம் சூடு காட்டி, இம்பாக்ட் டிரைவரில் ஒரு தட்டுத் தட்டினால் விடும். கிரிப் ரப்பர் பக்கத்தில் இருக்கிறது, சூட்டைத் தலையில் மட்டும் காட்டுங்கள். சில வண்டிகளில் உள்வெயிட் குழாய்க்குள் ரப்பரில் பிடித்து, பாரில் உள்ள சின்னத் துளைக்குள் ஒரு நாக்கு மாட்டியிருக்கும். கிரிப்பை விலக்கி அந்தத் துளைக்குள் முனை மெல்லிய கம்பியால் நாக்கை அழுத்தி, ரப்பருக்கு எண்ணெய் ஸ்பிரே விட்டு, வெயிட்டில் ஸ்குரூவைத் திரும்ப மாட்டி அதைப் பிடித்து இழுக்க வேண்டும். உள்ளே உடைந்துபோனால் எடுப்பது பெரும்பாடு, பொறுமையாக இழுங்கள்.

வெயிட்டை எடுத்தவுடன் அதிர்வு மாறும். பாரின் நுனியில் இருந்த எடை போனால் சில என்ஜின் வேகத்தில் விரல் மரத்துப்போகும், மிரர் மங்கும். மரத்துப்போன விரலைக் குளிரால் விறைத்தது என்று தப்பாக நினைப்பதும் நடக்கும். கார்டோடு எடையுள்ள நுனி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

குழாயின் உள்ளே எண்ணெய், துரு இருந்தால் பிளக் பிடிக்காது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றித் துடையுங்கள். இரும்புக் குழாய்க்குள் நெடுக வெல்டிங் தழும்பு ஒன்று ஓடும், பிளக் பாதியில் நிற்பது பெரும்பாலும் அதனால்தான். உருண்டை அரத்தால் பிளக் நீளத்துக்கு மட்டும் தேய்த்தால் போதும். ஆக்சிலரேட்டர் பக்கக் கிரிப்பின் மூடிய நுனியைக் கூர்மையான கத்தியால் வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். உள்ளே உள்ள பிளாஸ்டிக் குழலும் நுனி மூடியிருந்தால் அதையும் வெட்ட வேண்டும். இதை அரைகுறையாகச் செய்தால் ஆக்சிலரேட்டர் திரும்பி வராது.

லீவர் நுனி பட்டையில் இடித்தால் லீவர் பிடியை 10 முதல் 15 மில்லிமீட்டர் உள்ளே தள்ளலாம். அதோடு சுவிட்ச் கியூபும் (சுவிட்சுகள் உள்ள பெட்டி) நகர வேண்டியிருக்கும். கியூபின் உள்ளே ஒரு சின்ன முள் இருக்கும், அது பாரில் உள்ள துளையில் உட்கார்ந்துதான் கியூப் சுழலாமல் நிற்கிறது. முள்ளை அரத்தில் தேய்த்துவிட்டுக் கியூபை இறுக்குவது சுலபம், ஆனால் ஆக்சிலரேட்டர் கியூப் கையோடு சுழன்றால் கேபிள் இழுபடும். புதுத் துளையை முள்ளின் விட்டத்துக்கு மட்டும் போடுங்கள், குழாயின் ஒரு சுவரில் மட்டும். வயர் உள்ளே ஓடும் பார் என்றால் இந்த யோசனையே வேண்டாம்.

இப்போது பட்டை. எல்லா போல்ட்டையும் விரலால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் மாட்டுங்கள். நுனியையும் கிளாம்பையும் பட்டை தானாகத் தொட வேண்டும். 5 மில்லிமீட்டர் இடைவெளியை போல்ட்டை இறுக்கி இழுத்து மூடினால் பட்டை எப்போதும் விசையிலேயே நிற்கும். கொஞ்ச நாளில் கிளாம்ப் நகரும், அல்லது போல்ட் துளையிலிருந்து கீறல் தொடங்கும். அலுமினியப் பட்டையை வைஸில் மரக்கட்டை வைத்து ஒருமுறை மெதுவாக வளைக்கலாம், துளை உள்ள இடத்தில் வேண்டாம், திரும்பத் திரும்ப வளைக்கவும் வேண்டாம். பொருந்திய பிறகு நுனி போல்ட்டைப் பாதி, கிளாம்பைப் பாதி, மறுபடி நுனி, மறுபடி கிளாம்ப் என்று மாறி மாறி இறுக்கவும். எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், கார்டோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. மெல்லிய அலுமினியக் குழாயில் பிளக்கை வெறியோடு இறுக்கினால் குழாய் நுனி பிளந்துவிடும்.

உலோகத்தில் உலோகம் உட்காரும் போல்ட்டுக்கு நீலநிற மரைப் பசை ஒரு துளி. தகட்டைப் பிடிக்கும் ஸ்குரூவுக்கு அந்தப் பசை ஆகாது. ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டையும் அந்தத் திரவம் தாக்கி, ஸ்குரூவைச் சுற்றி நட்சத்திரம் போலக் கீறல் விடும். அங்கே நைலான் வளையம் உள்ள நட்டும் அகல வாஷரும் போதும்.

மிரரை நகர்த்த வேண்டியிருந்தால், அதன் மரை பெரும்பாலான வண்டிகளில் எம்10, 1.25 பிட்ச் (மரைகளின் இடைவெளி, மில்லிமீட்டரில்). யமஹாவில் வலது பக்கம் இடது மரை, வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் இன்னும் இறுகும். பிஎம்டபிள்யூவில் 1.5 பிட்ச். அடாப்டர் வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் முன் விடக்கூடாத சரிபார்ப்பு

கிரிப் நுனிக்கும் பார் நுனிப் பிளக்குக்கும் நடுவில் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். என்ஜின் அணைந்திருக்க, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகி விடுங்கள், சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். ஹேண்டில் நேராக, முழு இடது, முழு வலது என மூன்று நிலையிலும் பாருங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்புங்கள். ஐடில் துளியும் ஏறக் கூடாது, ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது.

முழுத் திருப்பத்தில் பிரேக் ஹோஸ் இறுக்கமாக நிற்கக் கூடாது, கார்டு டேங்கிலோ வைசரிலோ தொடக் கூடாது. பாஞ்சோவைத் திருப்பி இடம் உண்டாக்கும் ஆசை வரும். அதைத் தளர்த்தினால் புதுச் சீல் வாஷர் போட்டு, பிரேக் ஆயில் காற்றெடுத்து, முழு வேலையும் செய்ய வேண்டும், அரை வேலையாக விடக் கூடாது. பிரேக்கை முழுக்கப் பிடித்து லீவர் நுனி பட்டையில் தொடுகிறதா என்று பாருங்கள். லீவரை விட்டதும் பிரேக் விளக்கு அணைகிறதா என்றும் பாருங்கள். கிளட்ச் லீவர் பிடியை நகர்த்தியிருந்தால் கேபிளின் விளையாட்டு, அதாவது தளர்வு, மாறியிருக்கும். லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர், வண்டியின் கையேடு வேறு சொன்னால் அது.

காற்று எங்கே புகுகிறது

கார்டின் சாய்வைக் கண்ணால் பார்த்து வைப்பதை விடப் படம் எடுப்பது நல்லது. கிளவுஸ் போட்டு வழக்கமான நிலையில் உட்காருங்கள். ஒருவர் 4, 5 மீட்டர் முன்னால், போனை ஹேண்டில்பார் உயரத்தில் பிடித்து ஜூம் போட்டு எடுக்கட்டும். காற்று கிட்டத்தட்ட அந்தக் கோட்டில்தான் வருகிறது. படத்தில் கிளவுஸின் எந்தப் பகுதி தெரிகிறதோ அங்கே காற்று நேராக அடிக்கும். பெரும்பாலும் தெரிவது விரல் முட்டிக்கு மேலுள்ள மேல்விளிம்பும், கட்டைவிரலின் உள்பக்கமும். தகட்டின் மேல் ஓரம் முட்டியை மறைக்கும்படி சாய்வை மாற்றினால் முதல் பிரச்சினை தீரும். கட்டைவிரல் பக்கம் அவ்வளவு சுலபமில்லை. ஹெட்லைட்டின் இருபுறமும் பிளந்து வரும் காற்று உள்பக்கமாகவே புகும், அங்கே கிளாம்பும் கேபிளும் இருப்பதால் எந்தத் தயாரிப்பாளரும் தகட்டை நீட்டுவதில்லை.

படத்தில் தெரியாத கசிவும் உண்டு. அதற்குக் கம்பளி நூல். 5 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளை லீவர் பிடியிலும், கார்டின் மேல், கீழ், உள் விளிம்புகளின் பின்பக்கத்திலும் டேப்பால் ஒட்டுங்கள். டேங்கின் மேல் கேமரா ஒன்றைப் பொருத்திக் கிரிப்பை நோக்கி வைத்து, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். ஓட்டும்போது நூலைப் பார்க்காதீர்கள், வந்து வீடியோவில் பாருங்கள். தொங்கும் நூல் இருக்கும் இடம் நல்ல நிழல். பின்னோக்கி நேராக நீண்டு நிற்கும் நூல் கசிவைக் காட்டுகிறது. சுற்றிச் சுழலும் நூல், ஓரத்தில் உடைந்த காற்று திரும்பி உள்ளே வருவதைக் காட்டுகிறது. கார்டு மட்டும் இருக்கும் வண்டியில் கீழ்விளிம்பின் நூல் எதிர்த்திசையில், அதாவது முன்னோக்கி, எழுந்து ஆடுவதும் உண்டு. தகட்டுக்குப் பின்னால் உண்டாகும் தாழ்வழுத்தம் கீழிருந்து காற்றை உறிஞ்சுகிறது. விரலின் அடிப்பக்கம் மட்டும் விறைக்கிறது என்று புகார் சொல்கிறவர்களின் கார்டில் பார்க்க வேண்டிய இடம் இது.

நீட்டிப்புத் தகடு

கசிவு தெரிந்த பிறகு முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி டேப் போட்டு ஒட்டி ஒரு சின்ன ஓட்டம். அட்டை வேலை செய்தால் அதையே வார்ப்புருவாக வைத்துப் பிளாஸ்டிக் வெட்டலாம். 30 மில்லிமீட்டர் நீட்டிப்புப் பெரும்பாலும் போதும். 60க்கு மேல் போனால் பக்கக் காற்றில் ஹேண்டில் ஆட்டம் தெரியத் தொடங்கும், அதுவும் இலேசான வண்டியில் சீக்கிரமே தெரியும். உயர் வேகத்தில் ஹேண்டில் தானாக இடதும் வலதும் அசைந்தால் நீட்டிப்பைக் குறைக்க வேண்டும், பழகிவிடும் என்று விடக் கூடாது.

2 அல்லது 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தாள் நல்லது. மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டு, பல் நெருக்கமான பிளேடால் வெட்டி, மூலைகளை 10 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டி, ஓரத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். கரடாக விட்ட ஓரத்திலிருந்துதான் கீறல் கிளம்பும். சூடேற்றாமல் வளைக்கலாம், ஆனால் வளைவின் ஆரம் தடிமனைப் போல் 100 மடங்குக்குக் குறையக் கூடாது, 2 மில்லிமீட்டருக்கு 200. அதை விடக் கூர்மையாக வளைத்து ஸ்குரூ போட்டால் சில வாரத்தில் தானாகவே விரிசல் விடும். ஹீட் கன்னால் வளைக்க முயன்றால் தாளில் உறிஞ்சியிருக்கும் ஈரம் குமிழ் குமிழாகக் கொப்பளிக்கும், முன்கூட்டி உலர்த்தாமல் அந்த வழி சரிப்படாது.

எம்5 ஸ்குரூவுக்கு 6 மில்லிமீட்டர் துளை. துளையின் நடு, ஓரத்திலிருந்து குறைந்தது 12 மில்லிமீட்டர் தள்ளி. இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர், இறுக்கம் கையால் அசைக்க முடியாத அளவுக்கு மட்டும். வெயிலிலும் குளிரிலும் தாள் நீளும் சுருங்கும், துளையில் இடமில்லையென்றால் பிளந்துவிடும். பெட்ரோல், செயின் கிளீனர் தெளிக்கும்போது இந்தத் தகட்டை மூடிவிடுங்கள்.

காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்குப் பழைய பிளாஸ்டிக் கேனின் தட்டைப் பக்கம் இருக்கிறது. பார்க்கச் சுமார்தான், ஆனால் எச்டிபிஇ என்ற அந்தப் பிளாஸ்டிக் குளிரில் நொறுங்காது, ரசாயனம் பட்டாலும் கீறாது. பசை எதுவும் அதில் ஒட்டாது, ஸ்குரூ மட்டுமே வழி.

சூடேற்றும் கிரிப்போடு சேர்த்து

சூடேற்றும் கிரிப் உள்ளங்கையைச் சுடும், காற்று புறங்கையை விறைக்க வைக்கும். கார்டு இல்லாமல் கிரிப்பை மட்டும் மாட்டினால் ஒரு பக்கம் வேர்த்து மறுபக்கம் நடுங்கும். இரண்டும் வேண்டும், முதலில் கார்டு. முழுச் சூட்டில் ஒரு ஜோடி 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ரிலேயின் சுருளுக்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயர். நேராகப் பேட்டரியில் கொடுத்தால் மறந்து விட்டுவிட்டு மறுநாள் காலையில் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

சின்ன வண்டிக்கு ஆல்டர்னேட்டர் தாங்குமா என்பதை மல்டிமீட்டர் சொல்லும். ஹெட்லைட், கிரிப் இரண்டையும் போட்டுவிட்டு வழக்கமான ஓட்ட வேகத்துக்கு என்ஜினை ஏற்றிப் பேட்டரி முனையில் அளங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலையில்லை. 12.8க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் பேட்டரி வடிகிறது, சூட்டைக் குறைக்க வேண்டும்.

ஆக்சிலரேட்டர் கிரிப்பின் வயர் கையோடு சுழலும். முழுத் திருகலில் கார்டு கிளாம்பில் உரசாமல், இழுபடாமல் இருக்கும்படி ஒரு தளர்ந்த வளையம் விடுங்கள். வயர் லீவர் பக்கம் மடிந்தால் ஆக்சிலரேட்டர் திரும்பி வருவதைத் தடுக்கும். மேலே சொன்ன மூன்று நிலைச் சோதனையை வயர் மாட்டிய பிறகு மறுபடி செய்ய வேண்டும்.

மஃப் எப்போது

உறைநிலைக்குக் கீழே தினமும் ஓட்டுகிறவர்களுக்குக் கார்டை விட மஃப்தான் சரி. அழகைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. காற்று முழுக்க நிற்கும், உள்ளே மெல்லிய கிளவுஸ் போதும், அதனால் லீவரின் உணர்வும் தெளிவாக இருக்கும். வாய் விறைப்பாக, கை எடுத்தாலும் மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்கும் மஃப்பை வாங்குங்கள். துணி மட்டும் உள்ளது காற்றில் அழுந்தி லீவர் மேல் சாயும், கார்டு சோதனையில் சொன்ன அதே பிரேக் பிரச்சினை வரும். ஏற்கெனவே அலுமினியப் பட்டை மாட்டியிருந்தால் அதன் மேலேயே மஃப்பைப் போர்த்தலாம், பட்டை கூடாரக் கம்பு மாதிரி துணியைத் தூக்கிப் பிடிக்கும். சுவிட்ச் கண்ணுக்குத் தெரியாது. இண்டிகேட்டர், ஹாரன், டிம் டிப் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்திய வண்டியில் தொட்டுப் பழகிவிட்டுச் சாலைக்குப் போகவும். கையை வெளியே எடுத்து மறுபடி நுழைப்பதையும் அப்படியே.

மாட்டிய பிறகு

முதல் 100, 150 கிலோமீட்டரில் கிளாம்ப் கொஞ்சம் தளரும், மறுபடி இறுக்கவும். போல்ட் தலையிலிருந்து கிளாம்ப் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டால், அடுத்தமுறை ஸ்பேனர் எடுக்காமலே நகர்ந்ததா என்று தெரியும்.

சாலையில் உப்பு தூவும் இடங்களில் இரும்பு போல்ட் அலுமினியத்தில் இறுகிப்போகும். மரைப் பசை போடாத போல்ட்டுகளுக்கு மாட்டும்போதே ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் கிரீஸ்) தடவிவிடுங்கள், அவற்றின் முறுக்கு விசையைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், வழுக்கும் மரை அதே எண்ணில் அதிகமாக இறுகும். கார்டின் கீழ்மடிப்பில் பனிச்சேறு தங்கி, இரவில் உறைந்து, காலையில் லீவர் முழுக்கப் போகாமல் நிற்கும். கிளம்பும் முன் இரண்டு லீவரையும் ஒருமுறை முழுக்கப் பிடித்துவிட்டு ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டுப் பாருங்கள். வண்டி ஒருமுறை விழுந்திருந்தால் தகடு முழுதாகத் தெரிந்தாலும் பட்டையின் துளைகளைச் சுற்றிலும், பார் நுனியிலும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வளைந்த பட்டை அடுத்த விழுதலில் லீவரைத் தானே நசுக்கும், அதை நிமிர்த்துவதை விட மாற்றுவது மேல்.